அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார்: மறதியா, மனச்சோர்வா, காதா?

கேள்வி சென்னை வில்லிவாக்கத்திலிருந்து, ஒரு மகள் கேட்டது. அப்பாவுக்கு 76 வயது. ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓரிரண்டு வருஷமாக வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சாயங்காலம் நண்பர்களோடு பார்க்கில் உட்காருவதையும் நிறுத்திவிட்டார். ஒன்று கேட்டால் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறார். மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தால் "என்னைப் பத்திதானே பேசுறீங்க" என்று கோபப்படுகிறார். போன வருஷம் ஒரு கடையில் காது மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். சில நாள் போட்டுவிட்டு பீரோவில் வைத்துவிட்டார். எங்கே போனாலும் அவருக்காக அம்மாதான் பதில் சொல்கிறார். இது டிமென்ஷியாவின் ஆரம்பமா, டிப்ரஷனா, வெறும் காதா, முதலில் எந்த டாக்டரிடம் போவது?

முதலில் காதுதான். எல்லாவற்றுக்கும் காதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. காதைப் பார்க்காமல் மற்ற இரண்டையும் யாராலும் ஒழுங்காகச் சோதிக்க முடியாது, அதனால் சொல்கிறேன். நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்து மிஷின் பொருத்துபவர். மனநலமும் நரம்பியலும் என் துறை இல்லை. ஆனால் அந்த இரண்டு இடத்துக்கும் போய்விட்டுக் கடைசியில் எங்களிடம் வந்து சேரும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வயதான காதைப் பற்றிப் பெரும்பாலான வீடுகளில் ஒரு தவறான கணிப்பு இருக்கிறது. சத்தம் மொத்தமாகக் குறைந்துபோகிறது, நாம் கத்திப் பேசினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது வேறு. உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது, அதில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கு ஏற்ற சமிக்ஞையாக மாற்றுவதில் இவற்றுக்குத்தான் பெரிய பங்கு. செத்தால் மனிதக் காதில் மறுபடி முளைக்காது. முதுமையில் முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகளை வாங்கும் செல்கள். ஆண் குரலின் கனம், உயிரெழுத்துகள், பஸ் இன்ஜினின் உறுமல் எல்லாம் தாழ்ந்த ஒலிகள். அவை ஓரளவு நன்றாகவே கேட்கும். ச, ட, த, ப, க போன்ற மெய்யொலிகளின் கூர்மைதான் போய்விடும். அதனால் சட்டை, கட்டை, பட்டை மூன்றும் அவருக்கு ஏறக்குறைய ஒரே சொல். நீங்கள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பது விளங்கவில்லை. மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறார். ஊகம் சரியாக அமைந்தால் யாரும் கவனிப்பதில்லை. தவறினால் "ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றார்" என்று ஆகிவிடுகிறது.

"அவருக்கு வேணும்கிறது மட்டும் நல்லா கேக்கும்" என்ற குற்றச்சாட்டுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பழைய நண்பர் கனத்த குரலில், எதிரே உட்கார்ந்து, பழகிய விஷயத்தைப் பேசினால் விளங்கும். பேத்தி அடுத்த அறையிலிருந்து கீச்சுக்குரலில் புது விஷயம் சொன்னால் விளங்காது. இதில் நடிப்பு எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மெதுவாகப் பேசினால் "என்ன முணுமுணுக்கறே" என்பார். கொஞ்சம் உயர்த்தினால் "ஏன் கத்தறே" என்பார். உள்காது பழுதானவர்களுக்குக் கேட்க ஆரம்பிக்கும் அளவும் பொறுக்க முடியாத அளவும் நெருங்கி வந்துவிடும். நடுவில் இருக்கும் இடம் குறுகலானது. வீட்டில் சண்டை மூள்வது பெரும்பாலும் இந்தக் குறுகிய இடத்தில்தான்.

உங்கள் அப்பா விஷயத்தில் தொழிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தகடு அடிக்கிற, கிரைண்டிங் ஓடுகிற பட்டறையில் பல வருஷம் நின்ற காது வயசுக்கு முன்பே தேய ஆரம்பித்திருக்கும். இரைச்சலால் பட்ட அடி, கேட்கும் திறனை அளந்து காட்டும் ஆடியோகிராம் வரைபடத்தில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளமாகத் தெரியும். வயதாக ஆக அந்தப் பள்ளம் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே போகும். பெரம்பூர், அம்பத்தூர், எண்ணூர் பக்கத்துப் பழைய தொழிலாளர்களிடம் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது இது. அந்தக் காலத்தில் காதில் பஞ்சு வைத்தாலே பெரிது. சர்க்கரை நோயும் காதைப் பாதிக்கிறது. காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, ஜென்டாமைசின், அமிகாசின், சில புற்றுநோய் மருந்துகள் இவையும் பாதிக்கும். டாக்டரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் எடுத்துப் போங்கள்.

இனி மனசு. பாதி பாதியாக வரும் பேச்சை நாள் முழுக்க மூளை கோர்த்துக்கொண்டே இருப்பது பெரிய உழைப்பு. காலையில் கலகலப்பாக இருப்பவர் சாயங்காலம் எரிந்து விழுகிறார் என்றால் களைப்பும் ஒரு காரணம். பார்க்கில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், பக்கத்தில் வண்டிச் சத்தம், ஒருவர் ஜோக் சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள், இவரும் தாமதமாகச் சிரிக்கிறார். இரண்டு முறை "என்ன" என்று கேட்கலாம், மூன்றாவது முறை கூச்சமாகிவிடும். அப்புறம் வெறும் தலையாட்டல். தலையாட்டி ஒரு தடவை மாட்டிக்கொண்ட பிறகு, போகாமல் இருப்பதே மானம் என்று தோன்றிவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு "அவருக்கு எதிலும் இஷ்டம் இல்லை" என்று தெரிகிறது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் கண்டுபிடித்த வழி அது.

சந்தேகமும் அப்படித்தான் வளர்கிறது. நீங்கள் மூன்று பேர் சமையலறையில் பேசுகிறீர்கள். அவர் பெயர் மட்டும் காதில் விழுகிறது, பிறகு ஒரு சிரிப்பு. நடுவில் இருந்தது எதுவும் விழவில்லை. அந்த இடைவெளியை யார்தான் நல்லபடியாக நிரப்பிக்கொள்வார்கள்? ஆனால் சந்தேகம் குடும்பத்தைத் தாண்டி, பொருளைத் திருடுகிறார்கள், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று போனால் அது காதோடு நிற்கிற விஷயம் இல்லை. மனநல மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும்.

இதோடு சேர்த்து, யாரும் வெளியே சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். காது நன்றாகக் குறைந்த சிலருக்கு இல்லாத பாட்டு கேட்கும். நாதஸ்வரமோ பஜனையோ பழைய சினிமாப் பாட்டின் ஒரே வரியோ திரும்பத் திரும்ப வரும். பக்கத்துத் தெருவில் கல்யாணம் என்று நினைத்து ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் வாய் திறக்க மாட்டார்கள். வெளியிலிருந்து ஒலி வருவது குறையும்போது மூளை தன் கையிருப்பில் இருப்பதை எடுத்து ஓட்டுகிறது என்பதுதான் பொதுவான விளக்கம். பாட்டாக இருந்து, அது உண்மையில் வெளியே ஒலிக்கவில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. கேட்கும் திறனைச் சரிசெய்தால் பலருக்குக் குறைகிறது. திட்டுகிற, கட்டளையிடுகிற குரல்கள் கேட்டால் அது வேறு. அப்பாவிடம் சாதாரணமாக ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்: "காதுல இரைச்சலோ பாட்டோ ஏதாவது கேக்குதாப்பா?" கேட்ட மாத்திரத்தில் முகம் தெளிவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மறதிக்கு வருவோம். டிமென்ஷியாவுக்கான முதல் கட்டச் சோதனைகளில் பெரும்பகுதி வாய்வழியே நடக்கும். மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். மேலே மின்விசிறி சுற்றுகிற, வெளியே டோக்கன் எண் கூப்பிடுகிற அறையில், முகக்கவசம் போட்ட டாக்டர் வேகமாகச் சொன்ன சொல்லே விழாதபோது அதை எப்படி நினைவில் வைப்பார்? மதிப்பெண் குறையும். அதனால் மறதிச் சோதனைக்குப் போகும்போது ஆடியோகிராமைக் கையில் கொடுத்து "இவருக்குக் காது இவ்வளவுதான், எழுதிக் காட்டிக் கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். அமைதியான அறையில், விசிறியை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து பேசினால் புத்தி பழையபடி தெளிவாக இருக்கிறதா? எழுதிக் காட்டினால் சரியான பதில் வருகிறதா? பேப்பர் படித்துவிட்டு அதைப் பற்றிச் சொல்கிறாரா? பென்ஷன் கணக்கு சரியாக இருக்கிறதா? இவை சரியாக இருந்தால் காதின் பக்கம் சந்தேகம் கூடும். தெளிவாகக் கேட்ட விஷயத்தையே சற்று நேரத்தில் மறுபடி கேட்பது, பல வருஷம் நடந்த தெருவில் வழி தவறுவது, பணத்தை எண்ண முடியாமல் திணறுவது, தெரிந்த பொருளின் பெயர் வராமல் தடுமாறுவது போன்றவற்றை அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவும் கூடும், இந்த வயதில் அது அபூர்வம் இல்லை.

காதுக்கும் டிமென்ஷியாவுக்கும் தொடர்பு உண்டு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உண்டுதான், ஆனால் எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் ஃபிராங்க் லின் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 639 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். காது லேசாகக் குறைந்தவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு ஏறக்குறைய 2 மடங்கு, நடுத்தரமாகக் குறைந்தவர்களுக்கு 3 மடங்கு, அதிகமாகக் குறைந்தவர்களுக்கு 5 மடங்கு என்று வந்தது. தி லான்செட் இதழின் நிபுணர் குழு 2024-ல் தவிர்க்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. அதில் காது குறைபாட்டின் பங்கு சுமார் 7 சதவீதம். இது மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு. உங்கள் அப்பாவுக்கு 7 சதவீத ஆபத்து என்று அர்த்தம் இல்லை.

சரி, மிஷின் போட்டால் தடுக்குமா? 2023-ல் வந்த அச்சீவ் என்ற ஆய்வில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் காது மிஷினும் பயிற்சியும், மற்றொரு குழுவுக்கு ஆரோக்கியக் கல்வியும் கொடுத்து 3 ஆண்டுகள் பார்த்தார்கள். மொத்தமாக எடுத்துக்கொண்டால் சிந்தனைத் திறன் குறையும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதய நோய் ஆய்வு ஒன்றிலிருந்து வந்த, ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த பிரிவில் மட்டும் அந்த வேகம் 48 சதவீதம் குறைந்தது. சில விளம்பரங்கள் இந்த 48-ஐ மட்டும் பெரிதாக அச்சடித்து, "இன்றே வாங்குங்கள், இல்லையேல் மறதி நோய்" என்று பயமுறுத்துகின்றன. அந்தப் பயத்தில் லட்ச ரூபாய்க்கு வாங்காதீர்கள். பேத்தி சொல்வது விளங்க வேண்டும், பார்க்குக்குப் போக வேண்டும், மருந்துக் கடைக்காரர் சொல்வது காதில் விழ வேண்டும். மிஷின் வாங்க இவையே போதுமான காரணங்கள்.

மனச்சோர்வைத் தனியாகப் பார்க்க வேண்டும். காது சரியானால் அதுவும் தானே போய்விடும் என்று விட்டுவிடக் கூடாது. சிலருக்குக் குறையும், பலருக்கு அதற்கென்றே சிகிச்சை வேண்டும். பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, உடம்பெல்லாம் வலி, எதிலும் பிடிப்பில்லை என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இது நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு அருகிலேயே கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அதன் புறநோயாளிப் பிரிவுக்குப் போவதில் எந்தக் குறைவும் இல்லை. அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் டிமென்ஷியா குடும்பங்களுக்கென்றே சேவை நடத்துகிறது. "நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று சொன்னால் அதை வயசானவர் புலம்பல் என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள், தனியாக விடாதீர்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். அது தொலைபேசிச் சேவை என்பதால் காது கேட்காதவருக்காக நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும். இந்த நாட்டில் உதவி எண்களை வடிவமைப்பவர்களுக்கு இது தோன்றியதாகவே தெரியவில்லை.

அன்றாட வாழ்க்கையில் எனக்கு அதிகக் கவலை தருவது மாத்திரை. "காலை" என்பதும் "மாலை" என்பதும் முதல் எழுத்தில் மட்டும் வேறுபடுகின்றன, உங்கள் அப்பாவின் காதில் இரண்டும் "ஆலை"தான். சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுபவருக்கு இது விளையாட்டு இல்லை. மருந்துக் கடையில் வாய்வழி விளக்கத்தோடு நிற்காமல் அட்டை மேலேயே தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கைப் பற்றிப் போனில் யார் என்ன கேட்டாலும் பேசாமல் வைத்துவிட வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள். சரியாக விளங்காமல் "சரி, சரி" என்று சொல்லிப் பழகியவர்கள் மோசடிக்காரர்களிடம் சுலபமாக மாட்டுகிறார்கள்.

குக்கர் விசிலை எண்ணுவது, காலிங் பெல், கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டுவது இதெல்லாம் சின்ன விஷயம். பெல் அடித்தால் விளக்கு எரிகிற மாதிரி ஒரு எலக்ட்ரீஷியன் செய்து கொடுத்துவிடுவார். ரோடு அப்படி இல்லை. எதிர்த்திசையில் வரும் பைக்கும் சத்தமே இல்லாத மின்சார ஸ்கூட்டரும் காதை நம்பி நடப்பவருக்கு ஆபத்து. விழுவதற்கும் காதுக்கும்கூடத் தொடர்பு உண்டு. 2012-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் லேசான காது குறைபாடு உள்ளவர்கள் கடந்த ஓராண்டில் விழுந்திருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு இருந்தது. போனில் பேசுவதைவிட வீடியோ அழைப்பு நல்லது, உதடு தெரியும். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழில் பேசுவதை எழுத்தாகக் காட்டும். தப்பும் தவறுமாக வந்தாலும் டாக்டர் அறையில் மேஜை மேல் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். மிஷின் தொலைந்துவிடும் என்று கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல், புது இடம், தூக்கமின்மை, அதோடு காதும் இல்லை என்றால் பெரியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வர வாய்ப்பு அதிகம். அதைப் பார்த்துவிட்டு "ஒரே ராத்திரியில் புத்தி பேதலித்துவிட்டது" என்று குடும்பம் பதறும். மிஷினும் கண்ணாடியும் தலைமாட்டிலேயே இருக்கட்டும். அவர் காது குறைந்தவர் என்று படுக்கைக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

எங்கே போவது? முதலில் ஈஎன்டி டாக்டர். காதில் அழுக்கு அடைத்திருந்தாலே கேட்கும் திறன் கணிசமாகக் குறையும். அதை எடுத்த பிறகுதான் ஆடியோகிராம். வீட்டில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது, பட்ஸ் விட்டுக் குடைவது இரண்டும் வேண்டாம். ரயில்வே ஓய்வூதியர் மருத்துவத் திட்டத்தில் அப்பா இருந்தால் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியிலேயே தொடங்கலாம். கருவிக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். மற்றவர்களுக்கு சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி, தனியாரில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட். காதோடு மறதி, நடை, மருந்து எல்லாவற்றையும் முதியோர் மருத்துவர் ஒருவரே சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை. இந்தியாவிலேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு முதலில் வந்தது சென்னை பொது மருத்துவமனையில்தான், 1978-ல், டாக்டர் வி.எஸ்.நடராஜன் முயற்சியில். அந்த மரபு இந்த ஊருக்கு இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. ஒன்றிரண்டு நாளில் திடீரென்று காது அடைத்துப்போனால் அன்றே ஈஎன்டி டாக்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு பக்கம் மட்டும் குறைவது, தலைச்சுற்றல், சீழ் வடிவது, காது வலி எதுவாக இருந்தாலும் மிஷின் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

ஆடியோகிராமைப் படிப்பது கஷ்டம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கேட்க ஆரம்பிக்கும் ஒலி அளவு நன்றாகக் கேட்கும் காதில் 20 டெசிபலுக்குக் கீழ் இருக்கும். 35-லிருந்து 49 வரை நடுத்தரம். 65-க்கு மேல் கடுமை. ஆனால் இந்த ஒரு எண்ணோடு நிற்காதீர்கள். சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்லும் பேச்சுச் சோதனையையும் தமிழில் செய்யச் சொல்லுங்கள். போதுமான சத்தத்தில் சொன்ன பிறகும் எத்தனை சொல் விளங்குகிறது என்பதுதான் மிஷினால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதைக் காட்டும்.

இனி பீரோவில் இருக்கும் மிஷின். அவர் பிடிவாதத்தால் கழற்றினார் என்று முடிவு கட்டாதீர்கள். பல வருஷம் கேட்காமல் இருந்த ஒலிகள் ஒரே நாளில் வந்து இறங்குகின்றன. மின்விசிறியின் சரசரப்பு, எவர்சில்வர் தட்டு மோதுவது, பேப்பர் புரட்டுவது, தன் குரலே தனக்கு அந்நியமாக ஒலிப்பது. இதற்கு மூளை பழக வாரங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு மூன்று மாதமும் ஆகும். முதல் நாளே கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் தவிலும் மைக்கும் சேர்ந்து துரத்திவிடும், பிறகு அவர் அதைத் தொட மாட்டார். முதலில் வீட்டில், அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும், தினம் ஓரிரு மணி நேரம். அப்புறம் டிவி, அப்புறம் வாசல், கடைசியாகக் கூட்டம்.

அடுத்த காரணம், கருவி அவர் காதுக்கு ஏற்றபடி திருத்தப்படவே இல்லாமல் இருக்கலாம். விற்ற அன்று ஒரு தடவை கம்ப்யூட்டரில் சொருகி அனுப்பிவிடுகிறார்கள். குறைந்தது மூன்று நான்கு தடவையாவது போய், "சாம்பார் கரண்டிச் சத்தம் குத்துது, பேத்தி குரல் விளங்கல" என்று குறிப்பாகச் சொல்லித் திருத்த வேண்டும். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து உண்மையில் எவ்வளவு ஒலி உள்ளே போகிறது என்று அளக்கும் வசதி உள்ள இடமாக இருந்தால் இன்னும் நல்லது. பழைய கருவியையே எடுத்துக்கொண்டு போங்கள். புதிது வாங்கு என்று உடனே சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் சில நாள் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்ய அனுமதி வாங்குங்கள். காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லைப் பாருங்கள். ஆன்லைனில் மலிவாக வரும் ஆம்ப்ளிஃபையர் எல்லா ஒலியையும் ஒன்றாகத் தூக்கிவிடும், கேட்பதற்கும் பொறுக்க முடியாததற்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறுகிய இடத்தில் அது எதிரி. மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாத 60 வயது தாண்டியவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்ட முகாம்களில் இலவசமாகக் கருவி கிடைக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பொருந்தாவிட்டாலும் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

சென்னைக்கென்று ஒரு தனித் தொல்லை வியர்வை. சித்திரை, வைகாசியில் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி நனைந்து மக்கர் பண்ணும். ராத்திரி கழற்றித் துடைத்து, பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். துத்தநாகக் காற்று பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிரித்துவிட்டால் போடாமல் வைத்திருந்தாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். பிரித்ததும் உடனே மூடாமல் ஒரு நிமிஷமாவது காற்றில் விட்டுப் போடுங்கள். விரல் நடுங்குகிற, பார்வை குறைந்த பெரியவருக்குப் பொட்டு அளவு பேட்டரியை மாற்றுவதே பெரிய பாடு, அவருக்கு சார்ஜ் ஏற்றும் வகை வசதி.

மிஷின் போட்டாலும் வீட்டில் பேசும் விதம் மாற வேண்டும். முதலில் பெயரையோ "அப்பா" என்றோ கூப்பிட்டு, முகம் திரும்பிய பிறகு பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். கத்த வேண்டாம், நிறுத்தி நிதானமாகப் பேசினால் போதும். விளங்கவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்ற வார்த்தையை மட்டும் வீட்டை விட்டுத் துரத்துங்கள். எங்கள் அறையில் பெரியவர்கள் கண் கலங்கிச் சொல்வது காது கேட்கவில்லை என்பதை அல்ல, "விடுங்கன்னு சொல்லிடறாங்க" என்பதைத்தான்.

அம்மா அவருக்காகப் பதில் சொல்வதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். டாக்டரிடம், கடையில், உறவினர் வீட்டில் எல்லா இடத்திலும் அவரே மொழிபெயர்ப்பாளர் என்றால் இருவருக்கும் அது நல்லதில்லை. அப்பா பேச்சிலிருந்து இன்னும் விலகுவார், அம்மா களைத்துப்போவார். டாக்டரிடம் கேள்வி அப்பாவிடமே கேட்கப்படட்டும், தாமதமானாலும் அவரே சொல்லட்டும். வாரத்தில் ஒரு நாளாவது அம்மா தனியாகக் கோயிலுக்கோ தங்கை வீட்டுக்கோ போய்வர நீங்கள் வீட்டில் இருங்கள். அப்புறம், அப்பாவைச் சோதனைக்குக் கூட்டிப்போகும் அன்றே அம்மாவுக்கும் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். அவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒருவர் கேட்காதவர் என்று முத்திரை குத்தியதும் மற்றவரின் காதை யாரும் பார்ப்பதில்லை.